கும்பாரக் கொத்து

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே யோகம்மாவின் நாக்கு ஒரு பெரிய பிழையைச் செய்துவிட்டது. துறைமுக முற்றத்தில் நாற்பது கூலியாட்களும் கேட்டுக்கொண்டு நிற்க, "நிறுவையில கை வைக்கிறது நீங்கள்தான், நானா!" என்று, அண்ணன் முறையில் எப்போதும் நானா என்றே தான் அழைக்கும் களஞ்சியக்காரர் றஊபைப் பார்த்துக் கத்திவிட்டாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? ஜப்பான்காரன் போட்ட குண்டில் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு குச்சவெளிக்கு ஓடி, அடுத்தவர் வளவுக்குள் கிடந்து திரும்பியவளுக்கு கூலியாட்களுக்குச் சமைக்கும் இந்தக் குசினி வேலைதான் கதி. பங்கீட்டு அரிசி நாளுக்கு ஆளுக்கு அரை றாத்தல். கிழமை தொடங்கும்போது ஆறு நாளுக்குமாக நூற்றிருபது றாத்தலை றஊப் தராசில் நிறுத்துக் கொடுப்பார். குசினியில் தராசு ஏது? கொத்து என்ற அளவுப் பாத்திரம்தான். கொத்துக்கு இரண்டு றாத்தல் என்ற கணக்கில் அவள் நாளுக்குப் பத்துக் கொத்து அளந்து உலையில் போடுவாள். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் சனிக்கிழமை வந்தால் சாக்கின் அடி தெரியும்; ஆட்களுக்குக் கஞ்சிதான்.

தலைமைக் கங்காணி கனகசுந்தரம் முடிவாகச் சொல்லிவிட்டார். "உங்கள் ரெண்டு பேரில ஒராள் கள்ளன். மத்தியானத்துக்குள்ள ஆர் எண்டு தெரியவேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்டை போங்கோ."

றஊபின் முகம் கறுத்துப் போயிற்று. பதிலுக்குச் சண்டை போடவில்லை. "உங்கட கொத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

களஞ்சியத்தில், குசினியில் அளப்பதுபோலவே அளக்கச் சொன்னார். அவள் கொத்தை அரிசிக்குள் அமிழ்த்தி எடுத்தாள். வாய்க்கு மேலே கும்பாரமாகக் குவிந்து நின்றது. போதாததற்கு இன்னும் ஒரு பிடி போட்டாள். சமைக்கிற அரிசியை விளிம்போடு தலை வழித்து அளந்தால் வீட்டில் சோறு நிலைக்காது என்பது அவர்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. விற்கிறவன் வேண்டுமானால் வழிக்கட்டும்!

றஊப் அதைத் தட்டில் கொட்டினார். மறுதட்டில் இரண்டு றாத்தல் கல் போதவில்லை. கால் றாத்தல் கல்லையும் வைத்த பிறகுதான் தராசு நேரே நின்றது. அடுத்த கொத்தைத் தானே அள்ளி, தலையை வழித்துக் கொட்டினார். சரியாக இரண்டு றாத்தல்.

யோகம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். கொத்துக்குக் கால் றாத்தல் கூட. ஐந்து நாளில் பன்னிரண்டரை றாத்தலை அவள் கையே உலையில் கொட்டியிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

"இனி வழிச்சு அளவுங்கோ," என்றார் றஊப்.

"ஏலாது நானா. பசிச்சு வாற ஆக்களுக்கு வழிக்கக் கை வராது."

றஊப் சிரித்துவிட்டார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப கும்பாரமாவே அளவுங்கோ. ஆனா பத்தில்லை, ஒன்பது. கடைசிக் கொத்தில மட்டும் ஒரு பிடி குறையுங்கோ. இருபது றாத்தல்தான் வரும்."

"அது ஏலும்," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கங்காணியாரிட்ட நான் ரகசியமாச் சொல்லிவிடுறன். நீங்கள் வெளிய வரவேண்டாம்."

அவர் சொன்னபடி விட்டால் வேலை பறிபோகாது. ஆனால் முற்றமே கேட்கக் கத்தியவள் அவள். பிள்ளைகள் இரண்டின் முகமும் கண்ணுக்குள் வந்தது. இருந்தும் வெளியே போய் எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"ஐயா, றஊப் நானா கள்ளன் இல்லை. கும்பாரமா அளந்து அளவுக்கு மிஞ்சிப் போட்டது நான்தான். இனிக் கணக்குப் பிழைக்காது. என்னை வைச்சிருக்கிறதும் கலைக்கிறதும் உங்கட விருப்பம்."

சனிக்கிழமைக் கஞ்சியைக் கண்டு உரக்கச் சத்தம் போடும் கூலியாள் ஆனந்தராசா தலையைச் சொறிந்தான்.

"ஐயா, மிச்ச அரிசியெல்லாம் எங்கட வயித்துக்குள்ளதான் போயிருக்கு. கள்ளரைப் பிடிக்கிறதெண்டா நாப்பது பேரையும் பிடியுங்கோ."

முற்றம் கொல்லென்று சிரித்தது. கங்காணி மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "நேரம் போகுது. உலையை வை பிள்ளை."

புதுச் சாக்கைத் தூக்கக் குனிந்த யோகம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நானா, நான் அப்பிடிக் கத்தினதை..."

"முதல்ல சோறு ஆகட்டும்," என்று சொல்லி றஊப் சாக்கைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு குசினிக்கு நடந்தார்.