கசந்த மாத்திரை யாருடையது

சுங்காய் தோட்டத்தில் ஒரு மலைப்பாம்பு மானேஜரின் சைக்கிளை விழுங்கியதையும், அது ரப்பர் நிரைக்குள் ஊரும்போதெல்லாம் வயிற்றுக்குள் மணி அடித்ததையும், அந்த மணிச் சத்தத்தை வைத்தே நாங்கள் அதைப் பிடித்ததையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேராவது நம்பினார்கள். இப்போது சொல்லப் போவதில் பாம்பே கிடையாது. இதைத்தான் ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அறுபத்தாறு வயதில் எனக்குப் புற்று என்று புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள். ஈப்போவில் அறுவை செய்த டாக்டர் ஆர்த்திகா பிறகு எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"சுரப்பியை ஒட்டி முடி மாதிரி நரம்பு ஓடுது அங்கிள். அதை வெட்டல. ஆனா நசுங்கியிருக்கும். அது தேறினாத்தான்…" என்று சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்து நிறுத்தினார்.

"புரியுது டாக்டர்," என்றாள் கலாதேவி.

அவள் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறாள். இருவருமே துணையை இழந்தவர்கள். கல்யாணமாகி இரண்டு வருடந்தான். "இந்த வயசுல எதுக்குலா?" என்று அன்று சிரித்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அவர்கள் கிடக்கட்டும். கலாதேவி பக்கத்தில் நான் வெறும் தலையணையாகிவிடக் கூடாது. எனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

நசுங்கிய நரம்பு சாகாமல் காக்குமா என்று ஒரு மாத்திரையை ஆராய்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. ஆறு மாதம். "யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர்தான் பிரிக்குது," என்றார் டாக்டர்.

மருந்து கொடுப்பவருக்கே அது மருந்தா என்று தெரியாதாம். தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சந்தேகத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன்.

மாதம் ஒரு புட்டி, முப்பது மாத்திரை. அதோடு இரண்டு தாள். ஒன்றில் என் நிலவரத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று நான் மதிப்பெண் போட வேண்டும். மற்றதில் மனைவி தனியாகப் போட்டு உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

முதல் புட்டி வாங்கப் போன அன்று, வரிசையில் எனக்கு முன்னால் கதிரவேலு நின்றார். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த டிரெஸர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருக்கும் இதே அறுவை, இதே ஆராய்ச்சி. புட்டியோடு எதிரே இருந்த கோப்பிக் கடைக்குப் போனோம். நான் பாலும் சீனியும் தூக்கலான தே தாரிக் சொன்னேன். அவருக்குச் சீனி வியாதி, பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் சொன்னார்.

"இது மருந்தோ மாவோ, ஆருக்குத் தெரியும் ஐசே சதாசிவம்," என்றார். "நான் முப்பது வருஷம் செய்த வேலையெல்லோ."

"என்ன வேலை டிரெஸர் ஐயா?"

"வேலைக்குப் போகப் பஞ்சியில வயித்துவலி எண்டு வாறவைக்குச் சிவப்புத் தண்ணி குடுக்கிறது. உமக்குத்தான் கூடக் குடுத்திருப்பன்."

"அந்தச் சிவப்பு மருந்துலதான எனக்கு எல்லாம் சொகமாச்சு."

"அது சாயமும் சீனியும்."

தே தாரிக்கை மேசையில் வைத்தேன். தோட்டத்தில் வேலை செய்த பதினொரு வருடமும் சாயத்தில் பிழைத்திருக்கிறேன்.

"அப்ப நெச மருந்து?"

"கசக்கும். அது மெய்யான வருத்தக்காரருக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் புட்டியைத் திறந்தோம். ஆளுக்கொரு மாத்திரையை நாக்கில் வைத்தோம். என்னுடையது இனித்தது. அவர் முகம் சுருங்கியது.

"கசக்குது," என்றார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கும் சீனித் தண்ணி, இன்றைக்கும் சீனி மாவு. பருப்புக் கறி தொட்டு ரொட்டி சானாயை முடித்து அவர் கை கழுவ எழுந்து போனார். புட்டியில் பெயர் ஒட்டியிருந்ததால் அவருடைய மாத்திரைகளை மட்டும் என் சட்டைப் பையில் கொட்டினேன். என்னுடையதை அவர் புட்டிக்கு மாற்றினேன். பையில் இருந்தது என் புட்டிக்குப் போனது. அவர் திரும்பி வந்ததும் நான் கை கழுவப் போனேன். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான் நடந்தது. குழாயடியில் அவர் நிதானமாகக் கை கழுவுகிறவர். எனக்கு வசதியாகப் போயிற்று.

நாலாவது மாதம் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஐந்தாவது மாதம் என் தாளில் ஐந்துக்கு ஐந்து போட்டேன். கலாதேவி கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

"எத்தனை போட்ட?"

"டாக்டர் கேட்டது என்னைய."

உறையை எச்சில் தொட்டு ஒட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆறு மாதமும் முடிந்ததும் டாக்டர் என்னையும் கதிரவேலுவையும் ஒன்றாக அழைத்தார். எங்கள் தோஸ்தி அவருக்கும் தெரியும். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"சதாசிவம் அங்கிளுக்கு மருந்து. கதிரவேலு அங்கிளுக்கு மாவு. மாவு சாப்பிட்டவங்களுக்கு இனி ஆறு மாசம் நெச மருந்து கொடுப்போம்."

மருந்தை அவர் புட்டியில் கொட்டிவிட்டு மாவைத் தின்றிருக்கிறேன். மாவுக்கே இவ்வளவு என்றால் மருந்துக்கு எவ்வளவு?

"டாக்டர், அந்த ஆறு மாசம் எனக்குத்தான் வரணும்," என்றேன். "மாத்திரையை மாத்தினது நான். அவரோடது கசந்துச்சு."

"ரெண்டும் ஒரே ருசிதான் அங்கிள். வித்தியாசம் தெரியக் கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்கோம்."

அவருடைய கோப்பி ஓ கோசோங்கும் என்னுடைய தே தாரிக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

டாக்டர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மாத்திரை வாங்கத்தான் இந்தக் கதையா? நர்ஸுக்குப் பாம்புக் கதை சொன்னதும் நீங்கதானே?"

"அதுவும் நெசந்தான் டாக்டர்."

"மாத்தினவர்தான்," என்றார் கதிரவேலு. நன்றியோடு அவரைப் பார்த்தேன். "முதல் நாளே குழாயடிக் கண்ணாடியில கண்டனான். பிறகு இவர் கை கழுவப் போகேக்க நான் திருப்பி மாத்திப்போடுவன். ஆறு மாசமும். அப்ப மாவு திண்டது நான்தான் டாக்டர்."

அந்தக் குழாயடியில் கண்ணாடி இருந்ததாக எனக்கு நினைவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. அவர் சொல்வது உண்மையானால் நான் தின்றது மருந்து. இல்லையென்றால், எனக்குச் சேர வேண்டிய புட்டிக்கு அவர் அடிபோடுகிறார். முப்பது வருடம் சாயத் தண்ணியை மருந்தென்று கொடுத்தபோது இருந்த அதே முகம்.

டாக்டர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பட்டியலில் எங்கள் இரண்டு பெயரையும் அடித்தார்.

"உங்களை வெச்சு எந்த முடிவும் எழுத முடியாது. மாத்திரையும் கிடையாது. ரெண்டு பேருக்கும்."

"டாக்டர்," என்றேன், "என் சம்சாரம் எத்தனை போட்டிருக்கா?"

கடைசி உறையைப் பிரித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "அஞ்சுக்கு மூணு. கீழே ஒரு வரி எழுதியிருக்காங்க. 'இவர் சொல்றதுல பாதிய கழிச்சிக்குங்க. ஆனா எனக்குக் குறை இல்லை.'"

இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார்.

வெளியே வந்து வழக்கமான கடையில் உட்கார்ந்தோம். "நெசமாவே திருப்பி மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"நீர் நெசமா மாத்தினீரோ?" என்றார்.

ரொட்டி சானாயை முடித்து அவர் கை கழுவ எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, பாதி குடித்த கோப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். நான் எட்டிப் பார்த்தேன். குழாய்க்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கத்தான் செய்தது. புதிதாக மாட்டியது போலிருந்தது.