அக்காவின் மேடு பள்ளம்

அக்கா கூடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட வாரமே தம்பி முடிவு செய்துவிட்டான். அந்தக் காலத்துப் பலகைத் தரை. ஜன்னலோரம் உப்பி, நடுவில் தொய்ந்து கிடந்தது. எந்த நாற்காலியும் அதில் நான்கு காலில் நின்றதில்லை. கண் தெரியாதவள் எப்படி நடப்பாள்?

"ஈரத்துல வழுக்கி விழுந்தேன். தரை மேல ஏன்டா பழி போடுற?" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு அக்கா. கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்."

"கண்ணாடியா? எனக்கெதுக்குடா அது?" என்று சிரித்தாள்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததை மண்டியிட்டே கழித்தான். வேலை முடியும்வரை அக்கா மாடியறையில் இருந்தாள். தொய்ந்த பலகைகளைப் பெயர்த்து, கீழே தாங்கும் கட்டைகளின் மேல் மெல்லிய மரத்துண்டுகளை வைத்து மறுபடி அறைந்தான். உப்பிய இடங்களை இழைத்தான். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி எங்கே வைத்தாலும் நடுவில் நின்ற பிறகுதான் புதுத் தரையைப் பதித்தான்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெடல நீங்க" என்றாள் மனைவி.

அக்காவை அழைத்துவந்து கூடத்தில் விட்டான். நாலடி வைத்து நின்றாள். பாதத்தால் தரையைத் துழாவினாள். நகர்ந்தபோது அலமாரியில் இடித்துக்கொண்டாள்.

"எல்லாம் வெச்ச இடத்துலதான்கா இருக்கு."

"தரை இறங்கினா மேசை, ஏறினா ஜன்னல், முனகுற பலகை தாண்டினா என் கட்டில். இப்போ ஒண்ணுமே தெரியலையேடா." பிறகு அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. பழகிடும்."

பழகவில்லை. வீடெல்லாம் சுற்றியவள் கட்டிலோடு ஒடுங்கினாள். எழ வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதும் குறைந்தது. ஒரு மாலை மனைவி அவனைத் தனியே அழைத்தாள்.

"உங்க அக்கா தண்ணி குடிக்கறதையே குறைச்சுட்டாங்க. பாத்ரூமுக்கு அடிக்கடி நம்மளைக் கூப்பிடணுமேன்னு."

அவன் கடப்பாரையோடு கூடத்துக்கு வந்தான். "பழையபடி ஆக்கிடறேன்கா."

"எந்தப் பள்ளம் எங்கே இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்."

அவன் தரையைப் பார்த்தான்; எங்கும் ஒரே மட்டம். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரோடு கட்டிலில் உட்கார்ந்தான்.

"குடி அக்கா. எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடு."

பாதி குடித்தாள். "போதும்டா" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.