காலண்டரில் நின்ற லட்சுமி

"இரண்டாயிரம் படம், மொத்தமா தொண்ணூறு ரூபாய். இந்த விலைக்கு வெறும் காகிதம்கூடக் கிடைக்காது, சார்."

சொன்னவர் பிரமத லாஹிரி, சுவர்ணரேகா பேங்கில் விளம்பரம் எழுதுகிறவர். கேட்டுக்கொண்டிருந்தவர் மானேஜர் ஹரிசாதன் குண்டு. விலையைக் கேட்டதும் குண்டு பாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"அதென்ன அவ்வளவு மலிவு? திருட்டுச் சரக்கா?"

"ஐயோ, இல்ல சார். பம்பாயில ஒரு சோப்புக் கம்பெனி காலண்டருக்காக அச்சடிச்சு வச்சது. கம்பெனி படுத்துடுச்சு. படத்துக்குக் கீழ இடம் காலியா கிடக்கு. நம்ம பேரைப் போட்டுக்க வேண்டியதுதான்."

"என்ன படம்?"

"லட்சுமி."

"பேங்குக்கு வேற என்னய்யா வேணும்? போடும்."

பிரமதர் அதற்கு ஆறு மாதம் முன்புவரை கூந்தல் தைலத்துக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் மனைவியோடு ஒண்டிக்கிடந்துவிட்டு, இந்த பேங்க் வேலை கிடைத்த பிறகுதான் ஷியாம்பஜாரில் தனியாக இரண்டு அறை பிடித்திருந்தார். பேங்கில் பெண்களுக்கென்று திரை போட்டுத் தனிக் கவுண்டர் வைக்கலாம் என்றது அவர் யோசனைதான். "வெள்ளைக்காரர் பேங்க் வாசலில் துப்பாக்கிச் சிப்பாய் நிற்பான். எங்கள் வாசலில் தண்ணீர்ப் பானை இருக்கும்" என்று எழுதினார். "சேலைத் தலைப்பில் முடிந்த ரூபாய் குட்டி போடாது" என்று டிராம் வண்டிகளில் ஒட்டினார். முந்நூறு பெண்கள் வந்து கணக்குத் திறந்தார்கள்.

அவர்களுக்கெல்லாம் தலைவி பாக்பஜார் நிஸ்தாரிணி. பதினான்கு பசு வைத்து, வட கல்கத்தா மிட்டாய்க் கடைகளில் பாதிக்குப் பால் கொடுப்பவள். புருஷன் உண்டு, நாள் முழுக்கப் பகடை ஆடுவார். ஊரே அவளை மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும்; அவள் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேலி செய்வார்கள். மாசிமா எந்தப் படித்துறையில் குளிக்கிறாளோ அங்கேதான் மற்ற பெண்களும் குளிப்பார்கள். அவள் ஆயிரத்து நூறு ரூபாயை சுவர்ணரேகாவில் போட்டாள், அவர்களும் போட்டார்கள்.

புது வருஷத்தன்று, வைசாகம் முதல் தேதி, எல்லாக் கடைகளையும் போல பேங்கும் வந்தவர்களுக்கெல்லாம் சந்தேஷ் இனிப்பும், சுருட்டி நூல் கட்டிய காலண்டரும் கொடுத்தது. அன்று திங்கட்கிழமை.

வியாழக்கிழமை லட்சுமிக்கு உரிய நாள். வீட்டுக்கு வீடு பெண்கள் கலசம் வைத்துக் கதை படிக்கிற நாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மாசிமா பேங்குக்குள் வந்தாள். சிவப்புக் கரைச் சேலை, நெற்றி கொள்ளாத குங்குமம், பின்னால் பதினெட்டு இருபது பெண்கள். கையில் சுருட்டிய காலண்டர்.

"மானேஜர் பாபு, இது யாரு?"

படத்தை விரித்தாள். குண்டு பாபு கும்பிட்டார். "நம்ம லட்சுமித் தாயார்."

"என்ன பண்றா?"

"என்ன பண்றா... ஆசீர்வாதம் பண்றா."

"கண்ணாடியைக் கீழ இறக்கிப் பாருங்க. நிக்கிறா!"

குண்டு பாபு கண்ணாடியை இறக்கினார். தாமரைமேல் லட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வலது கால் அரைச் சாண் முன்னால் வந்திருந்தது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"உக்காந்த லட்சுமி வீட்டோட இருப்பா. நிக்கிற லட்சுமி கிளம்பிட்டான்னு அர்த்தம். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க என்னடான்னா, வருஷப் பொறப்புல வீட்டுக்கு வீடு அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க!"

பின்னால் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஆந்தையைக்கூடக் காணோமே மாசிமா."

"வாகனமா? மூட்டை முடிச்சோட அதை முன்னாடியே அனுப்பிட்டா போல."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே பாஸ்புக்கைத் தலைப்பிலிருந்து அவிழ்த்தார்கள்.

"இன்னிக்கு வியாழன். வியாழக்கிழமை யாரும் பணத்தை வெளிய எடுக்க மாட்டோம். நாளைலேர்ந்து இவங்க வருவாங்க. நாளைக்கு எனக்குப் பசு கன்னு போடுது. நான் சனிக்கிழமை வந்து முழுசையும் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாசிமா போய்விட்டாள்.

குண்டு பாபு பிரமதரைக் கூப்பிட்டார்.

"படத்தைப் பாத்துத்தானே வாங்கினீர்?"

"பாத்தேன் சார். நல்லா நாலு வர்ணத்துல..."

"நிக்கிறாளேன்னு தோணலையா?"

"நின்னா என்ன சார்?"

குண்டு பாபு தலையில் கைவைத்துக்கொண்டார். பிரமதர் பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பிள்ளை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் சிலையும் இல்லை, படமும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிப் பாட்டுப் பாடுவதோடு சரி. லட்சுமி உட்காருவாளா நிற்பாளா என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வரைந்தவர் பம்பாய்க்காரர். பேர் அச்சடித்த கரீம் சாகிபுக்கு அது மையும் காகிதமும். மற்றவர்கள் பார்ப்பதற்குள் சுருட்டி நூல் கட்டியாகிவிட்டது.

"தப்பு என்னுதும்தான், பாக்காம தலையாட்டினேன். ஆனா டைரக்டர்கள் என்னையா கேப்பாங்க? மாசிமா பணத்தை எடுத்தா முந்நூறு பேரும் எடுப்பாங்க. பெண்கள் கவுண்டரைச் சனிக்கிழமையோட மூட வேண்டியதுதான். கவுண்டர் போனா அதுக்கு விளம்பரம் எழுதறவர் எதுக்குன்னு கேப்பாங்க. சனிக்கிழமைக்குள்ள ஏதாவது பண்ணும் லாஹிரி."

பிரமதர் பண்ணினார். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்து, லட்சுமிக்குப் பின்னால் ஒரு நாற்காலி வரையச் சொன்னார். அவன் நன்றாகத்தான் வரைந்தான். பிரம்பு பின்னிய நாற்காலி.

குண்டு பாபு பார்த்தார். "ஏன்யா, பல் டாக்டர் வீட்டுல முறை வந்து எழுந்து நிக்கிற மாதிரி இருக்கே!"

பெயிண்டருக்கு எட்டணா கொடுத்து அனுப்பினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு பெண்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஒருத்தி போகிறபோது தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "தண்ணி மட்டும் நல்லா இருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்த பிரமதர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி கனகலதா பொரியும் தேங்காய்க் கீற்றும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அண்ணன் வீட்டு அறை காலியாத்தான் இருக்குமில்ல?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முதல் கேள்வி, "அப்பவே ஒரு படத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தா என்ன?"

"நம்ம வீட்டுலதான் சாமி படமே..."

"உங்க வீட்டுல இல்ல. நான் கிருஷ்ணநகர்லேர்ந்து வந்தவ. எங்க அம்மா வாசல்லேர்ந்து நெல்லுக் குதிர் வரைக்கும் லட்சுமி பாதம் போடுவா. ஒரு பார்வை பாத்து அப்பவே சொல்லியிருப்பேன். சரி, படத்தைக் காட்டுங்க."

அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிக்கிறவ எல்லாம் போறவதானா? வர்றவளும் வாசல்ல நின்னுட்டுத்தானே உள்ள வருவா? அவ வந்து நாலு நாளா நிக்கிறா. இத்தனை ஆம்பிளைங்க இருக்கீங்க, ஒருத்தராவது 'வாம்மா, உக்காரு'ன்னு ஒரு மணை எடுத்துப் போட்டீங்களா? நாற்காலி வரைஞ்சாராம், நாற்காலி!"

பிரமதர் பொரியை வைத்துவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பேங்குக்குப் போனார்கள். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்தான். கனகலதா அரைத்த அரிசி மாவைக் கிண்ணத்தில் கரைத்து, துணியைத் தோய்த்து, பெண்கள் கவுண்டரிலிருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்தபடி சின்னச் சின்னப் பாதங்களாக வரைந்தாள். விரல்களெல்லாம் உள்பக்கம் பார்த்து. கவுண்டருக்குக் கீழே மாக்கோலம் போட்ட மணை ஒன்று. மணைக்கு மேலே சுவரில் காலண்டர். பக்கத்தில் பிரமதர் கைப்பட எழுதிய அட்டை: "தாய் இப்போதுதான் வந்தாள். இங்கே ஆசனம் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் போடுங்கள்."

வாசலுக்கு இன்னும் நாலைந்து பாதம் இருக்கும்போது கனகலதாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கொடு, நான் முடிக்கிறேன். எட்டு மாதிரி போட்டு அஞ்சு புள்ளிதானே?"

"பாத்துப் போடுங்க."

அவர் பார்த்துத்தான் போட்டார்.

பத்து மணிக்கு மாசிமா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். கையில் பித்தளைப் பெட்டி, பணம் கொண்டுபோக. தெருவின் எதிர்ப்பக்கம் முப்பது பெண்களாவது நின்றிருப்பார்கள். குண்டு பாபு உள்ளே தூணுக்குப் பின்னால் நின்றார்.

மாசிமா படியேறியதும் நின்றுவிட்டாள். தரையைப் பார்த்தாள். பாதத்தை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்து கவுண்டர் வரைக்கும் வந்தாள். மணையைப் பார்த்தாள். அட்டையை எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ம். இப்பத்தான் வந்தாளாமா?"

"ஆமாம் மாசிமா," என்றார் பிரமதர்.

"யாரு போட்டது பாதம்?"

"என் சம்சாரம்."

"அவளுக்குக் கை நல்லாத்தான் இருக்கு. வாசல்கிட்ட போட்டது?"

"அது... நான்."

"இங்க வாங்க."

வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையை நீட்டினாள். உள்ளேயிருந்து வந்த பாதமெல்லாம் உள்ளே பார்த்திருக்க, வாசலருகே நான்கு பாதம் மட்டும் தெருவைப் பார்த்திருந்தது. பிரமதர் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வரைந்தவர். விரலையும் அந்தப் பக்கமே வைத்துவிட்டார்.

"பாதி வழி உள்ள, பாதி வழி வெளியவா? லட்சுமி வர்றாளா, டிராமைப் பிடிக்க ஓடறாளா?"

தெருவில் சிரிப்பு வெடித்தது. தூணுக்குப் பின்னால் குண்டு பாபு கண்ணை மூடிக்கொண்டார். கனகலதா தலையில் அடித்துக்கொண்டாள். பிரமதருக்கு அண்ணன் வீட்டு அறை கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல்கூட இல்லாத அறை.

"மாசிமா, எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது. ஒரு பொம்பளைப் பாதம் எந்தப் பக்கம்னு..."

"அம்மன் பாதத்தைப் பொம்பளைப் பாதம்கறான் பாரு! நகருய்யா. யம்மா, மாவு மிச்சம் இருக்கா? ஈரத்துணி கொண்டா. இப்படியே விட்டா பாக்கறவங்களுக்கே ஆகாது."

பித்தளைப் பெட்டியை பிரமதர் கையில் திணித்துவிட்டு, மாசிமா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு பாதத்தையும் துடைத்தாள். துணியை மாவில் தோய்த்து, ஒவ்வொன்றாக வரைந்தாள். முதல் பாதத்தை வாசற்படிமேலேயே, தெருவுக்குள் ஒரு விரற்கடை நீட்டி. வரையும்போதே வாய்க்குள் "வாம்மா, வா" என்று முணுமுணுத்தாள்; பழக்கம் விடுமா? நான்கும் முடிந்ததும் தலை சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப அழகாக இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாசிமா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கவுண்டருக்குப் போனாள். குமாஸ்தா பயந்துகொண்டே பணம் எடுக்கும் சீட்டை நீட்டினான்.

"ஆயிரத்து நூறும்தானே மாசிமா?"

அவள் சீட்டை வாங்கினாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். படியிலிருந்து தன் கையால் போட்ட ஈரப் பாதங்கள் தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. பிரமதர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் வாசலைப் பார்த்தாள். அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வேறு கதவு கிடையாது.

"மாசிமா?"

"இருடா! நானே வா வான்னு கூப்பிட்டு உள்ள விட்டுட்டு, நானே பெட்டியில வச்சு வெளிய தூக்கிட்டுப் போறதா? என் மாட்டுக்கொட்டாய் விளங்குமா?"

சீட்டை நாலாக மடித்துக் குமாஸ்தாவிடமே கொடுத்தாள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவிழ்த்த பாஸ்புக்குகளை மறுபடி தலைப்பில் முடிந்தார்கள். வெள்ளிக்கிழமை கணக்கை முடித்த ஒருத்தி, "மாசிமா, நான் எடுத்துட்டேனே, என்ன பண்ண?" என்று கேட்டாள்.

"அதை ஏன் என்னைக் கேக்கற? பாதம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துட்டு, அதே பக்கமா எடுத்துட்டு வா."

குண்டு பாபு தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார். கண்ணாடி நெற்றிக்குப் போயிருந்தது. பிரமதரின் காதருகே குனிந்தார். "ஓய் லாஹிரி, அந்த நாலு பாதத்தை வேணும்னுதானே திருப்பிப் போட்டீர்?"

பிரமதர் வாயைத் திறந்தார். கனகலதா அவர் காலை மிதித்தாள். மூடிக்கொண்டார்.

"நெனச்சேன்! விளம்பரக்காரன் மூளை! கவுண்டர் இருக்கும்யா, நீரும் இருப்பீர்."

அதற்குள் மாசிமா வந்துவிட்டாள். "மானேஜர் பாபு, வியாழக்கிழமைதோறும் நான் வந்து பாதம் போடுவேன். மாவு பேங்க் செலவு. இந்த மனுஷன் கிண்ணத்தைத் தொடக் கூடாது."

"அப்படியே ஆகட்டும் மாசிமா."

"இன்னொண்ணு. உங்க சட்டைப் பையில இருக்கே, அது பேங்க் பணமா, உங்க பணமா?"

"என்னுதுதான். ஏன்?"

"நல்லதாப் போச்சு. ரெண்டணா குடுங்க. முழுப் பணமும் கைக்கு வரும்னு தலைப்புல காசு ஒண்ணும் முடிஞ்சுக்காம வந்துட்டேன், ரிக்‌ஷாக்காரன் வாசல்ல கத்தறான்."

குண்டு பாபு சட்டைப் பையைத் துழாவி நாலணாக் காசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாசிமா மீதியைத் தருவதாகச் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிக்கொண்டு, பாதங்களின் ஓரமாகவே நடந்து, காலிப் பெட்டியோடு ரிக்‌ஷாவில் ஏறினாள்.