கிளாரினெட் நீட்டிய இடத்தில்

1.

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து நான் அசடு வழிய வேண்டாம்.

முதல் தொடக்கம்: ‘தொற்றுக் காலத்தில் ஊரே அடங்கிக் கிடந்தபோது, தன் இசையால் ஒரு கலைஞன்—’

வேண்டாம். பொன்னாடை போர்த்துகிற வாக்கியம்.

இரண்டாவது: மாமா விருந்துகளில் கிளாரினெட் வாசிப்பவர். என் அக்காவின் கணவர். விருந்துகள் நின்றன. அக்கா தொற்றோடு தனிமை வார்டுக்குப் போனாள். மாமா சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாற்காலி போட்டு, தினமும் மாலை ஆறு மணிக்கு செல்போன் முன்னால் வாசித்தார். வார்டில் ஒரு நர்ஸ், மருந்து வண்டிமேல் டேப்லெட் கணினியைச் சாய்த்து வைப்பார். பதினான்கு கட்டில்களும் பார்க்கும்.

இது பரவாயில்லை. உண்மையும்கூட. ஆனால் ஓர் ஆள் குறைகிறார்.

2.

நான். இணைப்பை அமைத்துக் கொடுத்தது நான். வார்டின் இருமலும் இயந்திரங்களின் கீச்சுச் சத்தமும் மாமாவுக்குத் தொந்தரவு என்று அவர்கள் பக்கத்து ஒலியை மூடி வைத்தது நான். தினமும் என் வீட்டிலிருந்து நானும் சேர்ந்துகொள்வேன். என் கணினியின் ஒலியையும் மூடிவிட்டு வேறு கதை எழுதுவேன். நடுவில் மாமாவுக்கு ஓர் இதயப் படம் தட்டிவிடுவேன். இப்படிப் பத்தொன்பது நாள்.

(இந்தப் பத்தியை மூன்று முறை அழித்தேன். ஒருமுறை பழியை நர்ஸ்மேல் போட்டுக்கூடப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.)

3.

நேற்று மத்தியானம் மாமா போன் செய்தார்.

“மாப்ள, நேரா ஒண்ணு சொல்லு. அங்க கேக்குதா?”

“ஏன் மாமா?”

“உங்கக்கா என்னிக்காவது என் வாசிப்பக் குத்தம் சொல்லாம விட்டிருக்காளா? இருபது நாளா ‘நல்லா இருந்துச்சு’ங்கறா. ஒண்ணு அவ கேக்கல. இல்ல, அவளுக்கு ரொம்ப முடியல. எதுன்னு தெரியாம ஊத முடியலடா. நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். அதோட சரி.”

‘சேச்சே’ என்று ஏதோ உளறிவைத்தேன்.

4.

நேற்று மாலைதான் முதல் முறையாக ஒலியைத் திறந்து கேட்டேன். வேகமான இடங்கள் நன்றாக வந்தன. ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தாரோ, இரண்டு விநாடியில் சத்தம் கரைந்துபோனது. கன்னம் உப்பிய மாமா மட்டும் திரையில் இருந்தார். மாமாவின் வாசிப்பே அந்த நீட்டலில்தான்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: செயலியில் இரைச்சலை நீக்கும் வசதி உண்டு. விடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை மின்விசிறி என்று நினைத்து வெட்டிவிடும். மாமாவின் போனில் அதை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சரி, ஒரு நாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.)

5.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“மொத நாள்லேருந்தே அப்படித்தான்டா” என்றாள்.

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா, இத்தன நாள் செவுத்துக்கா வாசிச்சேன்னு பெட்டியப் பூட்டிடுவார். அவர எனக்குத் தெரியாதா?” மூச்சு வாங்கினாள். “இங்க ஒரு கூத்து நடக்குது கேளு. சத்தம் போன ஒடனே அந்த சுரத்த நாங்க பிடிச்சுக்கறோம். வாய மூடிக்கிட்டு, ம்ம்னு. அவர் திரும்பி வர்ற வரைக்கும். ஜன்னலோரத்து லாரி டிரைவருக்கு சுருதியே சேராது, ஆனா விடமாட்டார்.”

“நீ?”

“மொத நாள் ரெண்டு எண்ணறதுக்குள்ள இருமல். இன்னிக்கு ஒம்பது. நீ சரிபண்ணிட்டா அவர் வாசிச்சுட்டுப் போவார், நாங்க படுத்துக்கிட்டுக் கேப்போம். அவர்கிட்ட ஒண்ணும் ஒளறி வைக்காத.”

எழுத்தாளனாக இந்த இடத்தில் நான் அழுததாக எழுதக் கூடாது. அழுதேன்.

6.

முடிவு ஒன்று: மாமாவிடம் சொல்லிச் சரிசெய்கிறேன். இசை முழுசாகப் போகும். அக்காவின் ஒன்பது, ஒன்பதிலேயே—

முடிவு இரண்டு: ‘அருமையா கேக்குது மாமா’ என்று பொய் சொல்கிறேன். பத்தொன்பது நாள் இதயப் படத்தில் சொன்னதும் அதைத்தான். அவர் நம்பமாட்டார், இன்றோடு நிறுத்திவிடுவார்.

முடிவு மூன்று: வார்டின் ஒலியைத் திறந்துவிடுகிறேன். தன் சுரம் அறுந்த இடத்தில் பதினான்கு பேர் முனகுவது அவர் காதில் விழும். வித்வான் அவர், ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிடும். வாத்தியத்தைக் கீழே வைப்பார். இல்லை, இன்னும் நீட்டுவார். எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் படைத்த ஆளாக இருந்தால் தெரிந்திருக்கும்.

7.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. மாமா நாற்காலியை இழுத்துப் போடுகிறார். திரையின் இந்தப் பக்கம், வார்டில், அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். லாரி டிரைவர் தொண்டையைச் செருமுவது வாயசைவில் தெரிகிறது. என் பக்கத்து ஒலியை நான் திறந்துவிட்டேன். அதுவரைக்கும் நானே செய்தேன்.

வாசிக்கத் தொடங்கிவிட்டார். என் விரல் வார்டின் ஒலிப் பொத்தான்மேல் இருக்கிறது. முதல் நீண்ட சுரம் வருகிறது. பதினான்கு பேரும் மூச்சை இழுக்கிறார்கள்.

சத்தம் போகிறது. அழுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் என் கையைப் பிடியுங்கள். அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள்.