வெள்ளைக் குச்சிக்கு அப்பால்

மோட்டார் ரூம் சுவரில் இருந்த சிவப்பு பல்பு எரியவில்லை. காபி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்த ரோகிணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பல்பு எரிந்தால் வேலிக் கம்பியில் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை. அவளே யோசித்து அவளே மாட்டிய பல்பு.

தினமும் இருட்டியதும் மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைத் தூக்கிவிடுவாள். விடிந்ததும் போய் இறக்கிவிடுவாள். இன்றைக்கு இறக்கியாயிற்றா என்று மனம் ஒரு கணம் கேட்டது. மயில் அகவியபோது ஒருமுறை எழுந்தோமே, அப்போதே போய் இறக்கியிருப்போம் என்று பதிலும் அதுவே சொன்னது. ஈரப்புல்லில் செருப்பு வழுக்கியதும், சுவிட்சின் கைப்பிடி உள்ளங்கையில் சில்லென்று பட்டதும் நன்றாக நினைவிருந்தன. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

எழுமலைக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய நிலம் அது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தபோது பழகிய கோல்ஃபை விட மனமில்லாமல், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும் இங்கே மூன்று குழிகள் போட்டிருந்தாள். புல் வளர்க்கத் தண்ணீர் ஏது? குழிகளைச் சுற்றி மணலைக் கொட்டி, பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து, உருளை இழுத்து இறுக்கியிருந்தாள். தண்ணீர் இல்லாத ஊர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் அதை பிரவுன் என்பார்கள். அதில் பந்தைக் குழிக்குள் தட்டுவதற்கு முன், ஒரு சாக்குப் பாயை மணல்மேல் இழுத்துக் கால்தடங்களை அழித்துவிட வேண்டும். பாய் போன வழியில் மணல் யாருமே மிதிக்காததுபோல் ஆகிவிடும்.

அந்த மணல் காட்டுப்பன்றிகளுக்கும் பிடித்துப்போயிற்று. மேற்கு எல்லையில் உள்ள ஓடை வழியாக இரவில் வந்து பிரவுனைக் கிளறிப் போட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் விருமாண்டி, தன் மக்காச்சோளத்தைச் சுற்றிக் கட்டியது போக மிச்சமிருந்த கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சோலார் வேலி போடணும்னா அந்த ஆபீசுக்குப் போ, இந்த ஆபீசுக்குப் போம்பாய்ங்க. மோட்டார் லைன்ல இருந்து நேரா இழுத்து விடுங்கம்மா. ராத்திரியில இங்க யாரு வரப்போறா?"

சட்டப்படி கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் என் நிலத்தில் நான் வேலி போட யாரை எதற்குக் கேட்க வேண்டும் என்பதும் அவளுடைய பழைய கேள்வி. எல்லையில் வரிசையாக வெள்ளைக் குச்சிகள் நட்டிருந்தாள். அதைத் தாண்டிப் பந்து போனால் போனதுதான். அபராதத்தை ஏற்றுக்கொண்டு வேறு பந்து போட்டு ஆட வேண்டும். அந்தக் குச்சிகளுக்கு ஓரடி வெளியே, கோரைப்புல்லுக்குள், கெண்டைக்கால் உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டினாள். ஆட வருகிறவர் யாரும் வெள்ளைக் குச்சியைத் தாண்டப்போவதில்லை.

முதல் வாரத்தில் ஒரு பன்றி விழுந்தது. அது கத்தக்கூட இல்லை. காலையில் நான்கு கால்களும் விறைத்து, ஒரு பக்கத் தோல் கருகி, ஓடைப் பக்கம் தலைவைத்துக் கிடந்தது. விருமாண்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ரோகிணிக்குத் தூக்கம் குறைந்தது. சத்தமே போடாத கம்பி இரவெல்லாம் ரீங்கரிப்பதுபோல் இருந்தது. தனியாக இருக்கிறோம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். கம்பியைக் கழற்றிவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. கழற்றினால், தன்னால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி சோலை வந்துவிட்டான். தாலுகா ஆபீசில் துணைத் தாசில்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அரைக்கால் டவுசரும் தொப்பியுமாக வந்துவிடுவான்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? தூங்கலையா?"

"தூங்குனேன்டா. மட்டையை எடு."

"காபி இல்லையா? தனியார் துறையில உபசரிப்பே இல்லப்பா."

"ஒங்க அரசாங்கத்துல மனு குடு. ஒரு வருசத்துல காபி வரும்."

அவன் சிரித்தான். இந்தச் சண்டை அவர்களுக்குப் பழக்கமானது. முதல் குழிக்கு நடக்கையில் அவனே பேச்சை எடுத்துக்கொடுத்தான்.

"சரி, நீயே சொல்லு. அரசாங்கமே வேணாங்கிறியா?"

"வேணாம்னு சொல்லல. இந்தக் கொடிக்கம்பு மாதிரி இருந்தா போதுங்கிறேன். குழி எங்க இருக்குன்னு காட்டணும். அம்புட்டுத்தான். கூட வந்து என் கையைப் பிடிச்சு ஆட்டக் கூடாது."

"ஒன் மோட்டாருக்கு ஓசி கரண்ட் குடுக்கிறது எந்தக் கொடிக்கம்பு?"

"மீட்டர் வையி, காசு கட்டுறேன். நானா கேட்டேன்?"

சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. கரண்ட் என்ற சொல்லையே இந்த ஒரு மாதமாக அவனிடம் தவிர்த்துவந்தாள். கம்பியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொன்னால் அரசாங்கத்திடம் சொன்னதுபோல். தம்பியாகக் கேட்டுவிட்டுத் தாசில்தாராகப் பதில் சொல்வான். அதோடு, சொல்ல அவசியமும் இல்லை. பகலில் அது வெறும் கம்பி.

அவளுக்கு கோல்ஃப் பிடித்ததற்கே காரணம் நடுவர் இல்லாததுதான். புதருக்குள் பந்து ஓர் அங்குலம் நகர்ந்தாலும் நகர்த்தியவனே வாய்திறந்து சொல்லி, தனக்குத்தானே அபராதம் போட்டுக்கொள்ள வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்திலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மனிதர்கள் இருந்தால் இன்ஸ்பெக்டர் எதற்கு, பெர்மிட் எதற்கு, மூன்று கையெழுத்து எதற்கு? நடக்கும்போதெல்லாம் இதையே நினைப்பாள். நினைக்க நினைக்க நடை நிமிரும்.

சோலைதான் இந்தக் கொள்கைக்கு ஒத்துவராத ஆள். பந்து எல்லைக்கு வெளியே போனால், தேடுகிற சாக்கில் போய்க் காலால் உள்ளே தட்டிவிடுவான். அவள் தூரத்திலிருந்து கத்துவாள். கத்தக் கத்த அவன் இன்னும் வேகமாகத் தட்டிவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு சிரிப்பான். இந்த ஒரு மாதத்தில் அவன் பந்து மேற்குப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தாலும் பகல்தானே.

இரண்டாம் குழி மேற்கு எல்லையை ஒட்டிப் போவது. ரோகிணியின் பந்து நேராகப் போய் பிரவுனில் ஏறியது. சோலை ஓங்கி அடித்தான். பந்து இடப்பக்கமாக வளைந்து கோரைப்புல்லில் விழுந்தது.

"போச்சு! வேற பந்து போடு" என்றாள்.

"உள்ளதான்க்கா கெடக்கும். மூணு நிமிசம் தேட ஒன் ரூல்லயே இடம் இருக்குல்ல? பாத்துட்டு வாரேன்."

இரும்பு மட்டையைச் சுழற்றிக்கொண்டே எல்லைப் பக்கம் நடந்தான். அவள் பிரவுனுக்குப் போய்ப் பாயை எடுத்தாள். அவன் புல்லுக்குள் கம்பியைப் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்பதே அவளுடைய கவலையாக இருந்தது. பழைய வேலி என்று சொல்லலாம். பாயை இழுத்தாள். மணலில் அவளுடைய தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அப்போது விருமாண்டியின் காட்டில் மோட்டார் ஓடத் தொடங்கியது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.

அவருடையது ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்தால் தானாக ஓடும்.

பாய் அவள் கையில் நின்றது. கரண்ட் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றால் இவ்வளவு நேரம் இல்லை. ஆனால் வீட்டில் மின்விசிறி ஓடியதே? இன்வெர்ட்டர். வீட்டுக்குப் பெரிதாக இன்வெர்ட்டர் வாங்கி வைத்தவளே அவள்தான். ஊரில் கரண்ட் போவதும் வருவதும் தனக்குத் தெரிவதே இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்படியானால் பல்பு?

திரும்பிப் பார்த்தாள். மோட்டார் ரூம் சுவரில் வெயில் நேராக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, குங்குமப் பொட்டு அளவுக்கு.

ஈரப்புல்லில் செருப்பு வழுக்கியது நேற்று. கைப்பிடி சில்லென்று பட்டது நேற்று. அல்லது முந்தாநாள். எல்லா நாளும் ஒரே கை, ஒரே கைப்பிடி. எந்த நாளின் நினைவை எடுத்து இன்றைக்கு வைத்துக்கொண்டோம்?

"சோலை!"

அவன் வெள்ளைக் குச்சியை ஒட்டிக் குனிந்து, மட்டையால் புல்லை விலக்கிக்கொண்டிருந்தான். பனியில் நனைந்த புல். துணி ஷூ. கையில் இரும்பு.

"சோலை! வா இங்கிட்டு! அசையாத!"

காற்று மேற்கிலிருந்து வீசியது. அவன் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"தெரியும்க்கா! ஆரம்பிச்சிட்டியா? இன்னைக்கு ஒன் சட்டம் செல்லாது!"

"கரண்டுடா! கரண்டு!"

அவன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். அவள் சொல் அவனுக்குப் போகவில்லை, கத்தல் மட்டும் போயிருக்கிறது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிற அதே கத்தல். அவன் குச்சிகளுக்கு நடுவே ஒரு காலை வெளியே எடுத்து வைத்தான்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. கத்தினால் அவன் அவசரப்படுவான். அவள் வந்து சேர்வதற்குள் பந்தைத் தட்டிவிடப் பார்ப்பான். தன் குரலே அவனைக் கம்பிப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டாள்.

அவனிடம் ஓடினாலும் அவன் அப்படித்தான் நினைப்பான். மோட்டார் ரூம் எதிர்ப்பக்கம். அங்கே ஓடினால் அவனுக்கு முதுகைக் காட்ட வேண்டும். என்ன நடந்தாலும் தெரியாது. பன்றி கத்தவில்லை. பாயைப் போட்டுவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டி ஓடினாள்.

ஓடும்போது அவள் எதையும் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கைக்குழந்தையாக இவனை அம்மா அவளுடைய மடியில் கிடத்திய ஞாபகம் வந்தது. உடனே, அந்த ஞாபகம் ஏன் இப்போது வருகிறது, செத்தவர்களைப் பற்றித்தானே இப்படி வரும் என்று பயந்தாள். கால் இடறியது. எழுந்தாள். மோட்டார் ரூம் கதவு. சுவிட்ச். இறக்கினாள். வெளியே வந்து பல்பைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

அங்கிருந்து மேற்கு எல்லை தெரியாது. கிணற்று மண்மேடு மறைத்திருந்தது. விருமாண்டியின் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மேட்டைச் சுற்றி நான்கு எட்டு வைத்தால் பார்த்துவிடலாம். அவளால் வைக்க முடியவில்லை. பார்க்காதவரை அவன் இருக்கிறான்.

"சோலை" என்றாள். தனக்கே கேட்காத குரலில்.

பிறகு நடந்தாள். முதலில் கோரைப்புல் தெரிந்தது. அப்புறம் வெள்ளைக் குச்சிகள். தொப்பி தரையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சோலை கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் கிட்டே போகும்வரை தலையைத் திருப்பவில்லை. மட்டை புல்லில் கிடந்தது. அதன் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

"என்னக்கா இது?"

அவள் குனிந்து அவன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"புல்லை விலக்குறேன், பளபளன்னு தெரியுது. பழைய வேலியா இருக்கும்னு தூக்கிப் பாக்கப் போனேன். பாத்தா அடியில ஒரு கீரிப்பிள்ளை, கருகிக் கெடக்கு. போன மாசம் இந்த மாதிரி ஒரு காட்டுலதான் ஒருத்தனைப் பாத்தேன். தண்ணி பாய்ச்ச வந்தவன். பொண்டாட்டி வந்து தொடப் போறா, நாங்க நாலு பேரு பிடிச்சு இழுக்கிறோம்..." அவன் கம்பியைக் காட்டினான். "எம்புட்டு நாளா?"

"ஒரு மாசமா."

"நான் நாலு வாரமா இங்க ஆடிக்கிட்டுத் திரியுறேன்."

"ராத்திரிக்கு மட்டுந்தான் போடுவேன்."

"இப்ப விடிஞ்சிருச்சுக்கா."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். மெதுவாகச் சொன்னான்.

"விருமாண்டி காட்டுலயும் இருக்கா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். "இதைப் பிடுங்குவோம் முதல்ல. அப்புறம் அவருகிட்ட நானே போறேன்."

"இப்ப இதுல கரண்ட் இல்லைல?"

"இல்ல. இறக்கிட்டுத்தான் வாரேன்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. கைப்பிடி சில்லென்று உள்ளங்கையில் பட்டது. பட்டதா? இன்றைக்கா? காலையிலும் இப்படித்தான், இதே அளவு நிச்சயமாக நினைவிருந்தது.

"நீ போய்ப் பாரு" என்றாள்.

"என்னத்த?"

"சுவிட்சு இறங்கியிருக்கான்னு பாரு. பீஸ் கட்டையையும் பிடுங்கிட்டு வா. கட்டிங் பிளேயர் ஜன்னல்ல இருக்கும்."

அவன் எழுந்து போனான். சற்று நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "இறங்கித்தான்க்கா இருக்கு!" திரும்பி வந்து, வெள்ளைப் பீங்கான் கட்டையை அவள் இடது கையிலும் கட்டிங் பிளேயரை வலது கையிலும் வைத்தான்.

அவள் வெள்ளைக் குச்சிக்கு அருகே குனிந்தாள். கம்பி வெயிலில் மின்னியது. கட்டிங் பிளேயரை நீட்டினாள். கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. இன்னும் நீட்டச் சொன்னாள்; கை கேட்கவில்லை. இத்தனை வருடம் தன் கையைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை என்று வாழ்ந்தவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோலை, இன்னொருக்கா போய்ப் பாத்துட்டு வாடா."

"கட்டை ஒன் கையிலதான்க்கா இருக்கு."

"இருக்கட்டும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். கேலி செய்யவில்லை. குனிந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தான். அவள் குச்சிக்கு இந்தப் பக்கமே, அவன் குரல் வருவதற்காக நின்றாள்.