பதினான்காம் வரிசைப் பெட்டி

கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை வினார்சிக்கு ஒரே கடுப்பு. மூட்டை தூக்கிய அப்பாவுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும். அவருக்காவது மூட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில் நிற்கிறது என்று திரையில் காட்டுவது அவள் எழுதிய ஜாவா கணினி நிரல். ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்துக்கு ஓடாமல், ஒருமுறை கேட்ட பதிலைக் கேஷில், கைக்கெட்டும் இடத்தில், வைத்துக்கொள்ளும். அதற்கு அவள் பயன்படுத்தும் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் புதிய பதிப்பு, பழைய கட்டளைகளைத் தூக்கிவிட்டது. மூன்று நாளாக ஒவ்வொன்றாய்க் கழற்றிப் புதியதை மாட்டுகிறாள்.

மதியச் சோறு கண்ணைச் சொருகியது. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் பெட்டிகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தன. கப்பலேறிப் போன பெட்டிகளும் தத்தம் பழைய இடத்தில் நீல நிழலாக நிற்பதாகத் தோன்றியது. போகச் சொல்ல ஆளில்லாமல் நின்றன.

"தூங்கிக்கிட்டே அடிக்கிறியா? கம்ப்யூட்டர் உன்னைவிட முழிச்சிருக்கு" என்றான் பக்கத்து மேசை கலிஹ்.

"இந்தப் புதுப் பதிப்பு நச்சரிக்குது அண்ணே. இது மாறுமா, மாறாதான்னு ஒவ்வொரு தகவலுக்கும் சொல்லணுமாம்."

"பழசுல என்ன சொன்னியோ அதையே போட்டுத் தொலை."

பழையதைத் திறந்தாள். வரிசை எண்: மாறாது. திரை வேகமாக வரட்டுமென்று அவளே எழுதியது. பெட்டி நகர்ந்த பிறகும் திரை முதல் பதிலையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தூக்கம் போய்விட்டது. போன நோன்பு மாதத்தில் ஒரு பெட்டி காணாமல் போனபோது கிரேன் ஓட்டுநர் சுகெங் தொண்டை வறளக் கத்தினார், பதினாலாம் வரிசையில்தான் வைத்தேன் என்று. திரை ஒன்பது என்றது. பெட்டியைத் தொலைத்தவர் என்று அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, பெட்டி கழுவக் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார்கள்.

'மாறும்' என்று திருத்தினாள். சோதனைக்கு ஒரு பெட்டியின் வரிசையை மாற்றிப் பார்த்தாள். திரை உடனே புது எண்ணைக் காட்டியது. எழுந்து கீழே போனாள்.

சுகெங் காலிப் பெட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாக்" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். "அந்தப் பெட்டி பதினாலுலதான் இருந்திருக்கு. திரைதான் தப்பு. நான் செஞ்ச தப்பு."

அவர் குழாயை மூடவில்லை. "நான் வெச்ச பெட்டி எங்கன்னு எனக்கே சொல்றியா புள்ள? என்னை இறக்கிவிட்ட மேலாளர்கிட்டப் போய்ச் சொல்லு."

"சொன்னா என் வேலை போயிடும், பாக்."

"அப்ப குழாய் இன்னொண்ணு இருக்கு, வா."

சிரிப்பில்லாத பேச்சு. தண்ணீர்த் தூவலுக்கு மேலே கிரேனின் கண்ணாடிக் கூண்டு கம்பி தெரியாமல் ஆகாயத்தில் மிதந்தது. உள்ளே வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

மேலாளரின் அறைக்குப் போகும் இரும்புப் படியில் வினார்சி கால் வைத்தாள். சுகெங்குக்கு அந்த இருக்கையை அவள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.