சத்தமில்லாத பிரான்ஸ்

மேல் கீல் கழன்றுவிட்டது. கீழ்க் கீலின் கடைசித் திருகுதான் மண்டை தேய்ந்து, திருப்புளிக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மருமகன் அத்தையின் அறைக்கதவைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி குனிந்து மறுபடி அழுத்தித் திருப்பினான். கட்டிலில் படுத்திருந்த அத்தை அவன் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைக் கழற்றச் சொன்னது மச்சான். அத்தையின் ஒரே மகன். வெளிநாட்டில் வேலை. அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், டாக்டரோடு போனில் பேசினார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் இந்த வாசலில் திரும்பாது, கதவு இல்லாவிட்டால் திரும்பும் என்று கண்ணாலேயே அளந்து சொன்னதும் அவர்தான்.

டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதயம் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாயும் இயந்திரமும் வைத்துச் சில நாள் தள்ளலாம். வீட்டில் வைத்திருந்தால் அதுவும் கிடையாது. சில நாள் என்றாலும் நாள்தானே என்றார் மச்சான். கடல் தாண்டி ஓடி வந்த மகன் அப்படிக் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் மருமகன் வாயைத் திறக்காமல் திருப்புளியை எடுத்தான்.

ஆனால் அவன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். அதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவன் பிரச்சினை.

அவன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்காரன். விடியும் முன் போனால் மதியம் வீடு திரும்பிவிடுவான். காதுமடலில் மாவு ஒட்டியிருக்கும். மனைவிக்கு மாத்திரை அட்டை போடும் கம்பெனியில் இரவு வேலை. மதியத்தில் அவள் உள்ளறையில் தூங்குவாள். முன்னறையில் அவனும் அத்தையும் மட்டும்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு வீட்டோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை அவன். அத்தை அவனைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை. நேராகப் பேசியதும் இல்லை. "சாப்பிட வரச் சொல்லு" என்பார், சொல்வதற்கு அங்கே வேறு ஆள் இல்லாதபோதும். யாரிடம் சொல்கிறார் என்று அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுத்தான்.

தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்று டிவியைச் சத்தமில்லாமல்தான் வைப்பார்கள். அதில் மதியம் ஒரு நிகழ்ச்சி. எங்கிருந்தோ வந்த ஒரு தம்பதி, பிரான்ஸில், அதன் தெற்கே ஏதோ ஒரு கிராமத்தில், இடிந்த கல்வீடு ஒன்றை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வாழ்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஊதாப்பூ வயல். குன்றின்மேல் ஊசி ஊசியாக மரங்கள். நீலம் பூசிய சன்னல் கதவுகள். புருஷன் பனைமரம் மாதிரி உயரம். பெண்டாட்டி குண்டு, எப்போதும் கையில் வாளி. அடிக்கடி ஒருவன் காரில் வந்து இறங்கி, எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துவிட்டுப் போவான்.

ஒருநாள் அந்தக் குண்டம்மா குழாயைக் காட்டி என்னவோ சொன்னாள். அத்தை டிவியைப் பார்த்தபடியே, மெல்லிய குரலில், அவளுக்காகப் பேசினார்.

"குழாய் ராத்திரி பூரா சொட்டுது. இந்த நெட்டைக்கு மட்டும் எப்படித்தான் காது கேக்காம இருக்கோ."

மருமகன் திடுக்கிட்டுப் போனான். இவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாயும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மாலைக்குள் வாஷரை மாற்றினான். மறுநாள் உயரக்காரன் வாயசைத்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு அவனும் பேசினான்.

"குழாய் பார்த்தாச்சு மகராசி. குழம்புல மட்டும் கொஞ்சம் உப்பைக் குறைச்சா நல்லாயிருக்கும்."

அத்தை சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் உப்பு சரியாக இருந்தது.

அதிலிருந்து அவன் நெட்டை, அவர் மகராசி. சிரிக்கிறவனுக்குச் சிரிப்பான் என்று பேர். சிரிப்பான் ஒரு வீட்டு புரோக்கர் என்றும், இவர்களைக் கிளப்பிவிட்டு வீட்டைப் பிடுங்கிக்கொள்ளத்தான் வருகிறான் என்றும் இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பழையபடி ஊமைகள். அடுப்புத் தட்டில் முன்கையைச் சுட்டுக்கொண்டு வந்த நாளில் மகராசி, "நெட்டை, கையைக் காட்டு" என்றாள். அவன் கையை நீட்டினான். அத்தை கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், விரலால் தடவிப் பார்த்தே களிம்பு போட்டார். அவன் அம்மாகூட அப்படிப் போட்டதில்லை.

போன மாதம், அத்தைக்கு நடை குறைந்திருந்த சமயம், சிரிப்பான் காரில் வந்து இறங்கிக் கையை நீட்டிச் சாலையைக் காட்டினான். மகராசி சொன்னாள்:

"வண்டி வந்தாலும் நான் ஏற மாட்டேன். என் கட்டில், என் சன்னல். கடைசி வரைக்கும் இங்கதான். நெட்டை, இவன் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவான். நீ ஏமாந்து அனுப்பி வச்சிடாத."

நெட்டை, "சரி" என்றான்.

அதுதான் வாக்கு. இப்போது வண்டி வந்துகொண்டிருந்தது. அவனோ கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

திருகு ஒருவழியாக வெளியே வந்தது. கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான், அத்தைக்கு ஆஸ்பத்திரி போக இஷ்டம் இல்ல."

மச்சான் போனிலிருந்து நிமிர்ந்தார். "யார் சொன்னா?"

"அவங்கதான். என்கிட்ட சொன்னாங்க."

மச்சான் கட்டில் பக்கம் நின்ற தங்கையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார்.

"மாப்பிள, அம்மா உங்ககிட்ட பேசவே மாட்டாங்களே."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். பிரான்ஸ்காரிக்குக் குரல் கொடுக்கும் சாக்கில் சொன்னார் என்றால் யார் நம்புவார்கள்? அவனுக்கே, இப்போது யோசித்தால், அது இரண்டு பேர் சேர்ந்து ஆடிய பொம்மை விளையாட்டு மாதிரி இருந்தது. அத்தையிடமே கேட்கலாம் என்றால், சில நாளாக அவர் பேச்சு நின்றிருந்தது. மகன் வந்து, "அம்மா, நான்தாம்மா" என்றதற்கும் கண் மட்டும்தான் கசிந்தது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டிரைவரும் ஓர் உதவியாளும் ஸ்ட்ரெச்சரை முன்னறைவரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வாசல் அகலத்தைப் பார்த்த டிரைவர், கதவைக் கழற்றி வைத்ததற்கு மிகவும் பாராட்டினார். நிறைய வீடுகளில் இவர் போய்த்தான் கழற்ற வேண்டியிருக்கிறதாம்.

மருமகன் அத்தையைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. டிரைவரையும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி முன்னறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பார்வையின் வழியே திரும்பினான். இத்தனை நாளும் பாதியை மறைத்துக்கொண்டிருந்த கதவு போனதில், கட்டிலுக்கு நேர் எதிரே டிவி முழுசாகத் தெரிந்தது. அணைந்து கிடந்த டிவி.

அவன் போய் அதைப் போட்டான்.

"ஏங்க, இப்ப எதுக்கு டிவி?" என்றாள் மனைவி.

அந்த நேரம்தான். கல்வீடு வந்தது. சுவரெல்லாம் வெயில் தேன் மாதிரி வழிந்தது. மகராசி வாளியோடு முற்றத்தைக் கடந்தாள். சத்தம் இல்லை. ஸ்ட்ரெச்சரின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது.

"இது எந்த ஊரு சார்?"

மருமகன் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், எப்போதும்போல் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். மச்சான் பார்க்கிறார், மனைவி பார்க்கிறாள், முன்பின் தெரியாத இரண்டு பேர் பார்க்கிறார்கள். திரையில் கார் வந்து நின்றது. சிரிப்பான் இறங்கினான், வாயைத் திறந்தான்.

மருமகன் அவனுக்காகப் பேசினான்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான். கிளம்பலாமா?"

சிரிப்பான் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்காக இன்னும் எவ்வளவு நேரம் பேசுவது என்று மருமகனுக்குத் தெரியவில்லை.

"மாப்பிள, போதும் எழுந்திரிங்க" என்றார் மச்சான், மெதுவாக.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நெட்டை."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரலைன்னு சொல்லிடு, நெட்டை. இவன் பல்லைப் பார்த்து நான் ஏமாறல."

அது நோயாளியின் குரலாக இல்லை. மூச்சு குறைவாக இருந்தது, அவ்வளவுதான். மற்றபடி வெடுக்கென்று, உள்ளே ஒரு சிரிப்பை ஒளித்துவைத்த, சின்னப் பெண்ணின் குரல். மச்சான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த அம்மாவிடம் இப்படி ஒரு குரல் இருந்தது அவருக்குத் தெரியாது. தினமும் கேட்டுப் பழகிய மருமகனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. பேச்சு நின்றுபோனது என்று நினைத்தார்களே. அது எங்கே இருந்தது இத்தனை நாள்? யாருக்காகக் காத்திருந்தது?

"சொல்றேன் மகராசி" என்றான். பிறகு, சிரிப்பானிடம் சொல்வதுபோல் திரையைப் பார்த்துச் சொன்னான். "அவங்க வரல."

மச்சான் திரையைப் பார்த்தார். அந்த மொழி அவருக்குத் தெரியும். பிரான்ஸிலும் வேலை பார்த்தவர், உதட்டசைவே போதும். "மாப்பிள, அவன் வந்து புரோக்கரே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இப்போது ஜெயித்த களை இருந்தது.

வெளியே போய் டிரைவரிடம் பேசியது மச்சான்தான். டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்பதை மட்டும் ஆபீஸுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றார். வாசல்வரை போனவர், "அந்த மரமெல்லாம் எப்படி சார் அவ்வளவு நேரா நிக்குது" என்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினார்.

பிறகு அந்த வீட்டில் வெகு நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி தலைமாட்டில். மருமகன் தரையில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் தானே பேசினான். மகராசிக்குப் பேசும்போது குரலை மாற்றவில்லை. அத்தை மாற்றியதைப் போல அவனால் மாற்ற முடியாது. கூரை ஓட்டைப் பற்றி நெட்டையைத் திட்டினான். நெட்டையாகிப் பம்மினான். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான் தூங்கறேன்னு நெனச்சு ரெண்டு பேரும் கிசுகிசுன்னு பேசுவீங்க. எனக்குக் கேக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். "என்ன பேசினோம்னு கேக்குமா?"

"அது கேக்காது. பேசறீங்கன்னு மட்டும் கேக்கும். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

மச்சான் குனிந்து அம்மாவின் பாதத்தைத் தேய்த்தார். குளிர்ந்திருந்தது. அவர் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

திரையில் காமிரா மேலே எழும்பியது. வீடு சிறுத்தது. ஊதா வயல், அதற்கப்பால் இன்னொரு வயல், வெள்ளைப் பாறை, ஆறு, மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வெயிலில் கிடந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று அது ஓர் ஊராகத் தெரியவில்லை. இவ்வளவு இடம் இருக்கிறதா, இவ்வளவும் திறந்தே கிடக்கிறதா என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

"மகராசி," என்றான், "மழை வரும்போல இருக்கா?"

இந்த ஒரு பதிலை மட்டும் அவன் தானே சொல்லவில்லை. காத்திருந்தான்.

அத்தையின் கண் திறந்திருந்தது. பள்ளத்தாக்கு அதில் சின்னதாக, முழுசாகத் தெரிந்தது. மூச்சு ஒருமுறை நீளமாகப் போனது. திரும்பி வர அவசரப்படவில்லை. எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை.

யாரும் கத்தவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு பொருளும் இடம் மாறாமல், அவ்வளவு பெரிய காரியம் அந்தச் சின்ன அறைக்குள் நடந்து முடிந்திருந்தது. மருமகன் அதை நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். மனைவி அம்மாவின் நெற்றியில் நெற்றியை வைத்தாள். அவன் எழுந்து, கண்ணிமைகளை மூட வேண்டியது யார் என்று தெரியாமல் நின்றான்.

"நீங்க பண்ணுங்க மாப்பிள" என்றார் மச்சான்.

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூடினான்.

நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை. காமிரா மறுபடி கீழே இறங்கியிருந்தது. கல்வீட்டின் பின்பக்கம், கொடியில் வெள்ளைப் போர்வை ஒன்று காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது. குண்டம்மா அதைக் கொடியிலிருந்து உருவினாள். உருவிக்கொண்டே பேசினாள். மச்சான் பக்கத்தில்தான் ரிமோட் கிடந்தது. அதை எடுத்தார். சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பொத்தானை அழுத்தவில்லை.

"இந்தம்மா என்ன சொல்றாங்க, மாப்பிள?"

மருமகன் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். பேசி முடிக்கட்டும்."

அவள் போர்வையின் இரண்டு முனைகளையும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு முனைகளும் புல்லில் கிடந்தன. அவற்றைப் பிடித்து மடிக்க வர வேண்டிய யாரோ ஒருவரை, திரைக்கு வெளியே பார்த்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அவள் பேசிக்கொண்டிருந்தாள்.